பாட்டி எடுத்த பிள்ளை

ஜுருவில் மாலை வேளையில் கூடிப் பேசும் நண்பர் சிலர் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் சோழர் சரித்திரத்தில் வந்து நிற்பது அவர்கள் வழக்கம். அண்மையில் அவர்களுள் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். "முதற் குலோத்துங்கனைச் சோழன் என்று கொண்டாடுகிறோமே, அது எப்படிப் பொருந்தும் ஐயா? அவன் தந்தை கீழைச் சாளுக்கியன். நம் அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின் யார் பெயர் வருகிறது? தந்தை பெயர்தானே! அந்தக் கணக்குப்படி அவன் சாளுக்கியன் அல்லனோ?"

வேடிக்கையாகக் கேட்ட வினாத்தான். ஆயினும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. சரித்திர நூலாரும் கி. பி. 1070-க்குப் பிற்பட்ட சோழரைச் 'சாளுக்கிய சோழர்' என்று பிரித்தெழுதக் காண்கிறோம். நண்பர் கேட்ட வினாவை ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் புலவர் ஒருவர் எதிர்கொண்டு விடையும் கூறியிருக்கிறார். அவரே கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார். அவர் சொன்ன விடை யாது, சொல்லாமல் விட்டது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று திருமணங்கள்

முதலில் உறவு முறையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். முதலாம் இராசராசன் காலத்தில் வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசராகிய சக்திவர்மனும் விமலாதித்தனும் நாட்டை இழந்து சோழரிடம் அடைக்கலம் புகுந்தனர். சோழர் படைத்துணையால் அதனை மீட்டனர். இராசராசன் தன் மகள் குந்தவையை விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் திருமேனிகளும் வழங்கிய குந்தவைப் பிராட்டி வேறு. அவர் இராசராசனின் அக்கன். இவள் அந்த அத்தையின் பெயரைத் தாங்கியவள்.

குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்தவன் இராசராச நரேந்திரன். 1022-இல் வேங்கியில் முடிசூடியவன் இவன். நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கியதும் இவன் அவையிலேதான். இவன் மணந்தது கங்கைகொண்ட சோழனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை. இவ்விருவருக்கும் பிறந்தவனே பின்னாளில் குலோத்துங்கன் எனப் பெயர் பெற்றவன். அவனும் சோழர் குடியிலேயே பெண் கொண்டான். இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி அவன் மனைவியானாள்.

இம்மூன்று திருமணங்களையும் 'அரசியல் உடன்படிக்கை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் உண்டு. உடன்படிக்கைதான், ஐயமில்லை. கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வளநாடு கல்யாணிச் சாளுக்கியர் கைக்குப் போகாமல் காக்கச் சோழர் செய்த ஏற்பாடு அது. அதனால் அமைதி விளைந்ததா என்றால் இல்லை. விமலாதித்தனுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த ஏழாம் விசயாதித்தன், கல்யாணியாரின் துணையோடு நரேந்திரனை எதிர்த்து நின்றான். பெண் கொடுத்த வீடு படையும் கொடுக்க வேண்டியதாயிற்று. இரு பேரரசுகளின் பகை முற்றி, 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான்.

ஆனால் தமிழ் வாசகர் கண்ணுக்கு இங்கே வேறொன்றும் புலப்படும். நரேந்திரன் மணந்த அம்மங்கை யார்? அவன் தாயின் உடன்பிறந்தான் மகள். குலோத்துங்கன் மணந்த மதுராந்தகி யார்? அவளும் தாய்மாமன் மகளே. இருவரும் முறைப்பெண்ணை மணந்தவர்கள்! இதே காலத்து மேனாட்டு வழக்கத்தை ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த கிறிஸ்தவ அரசுகளில் உறவு விட்டுப் பெண் கொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் விதி. 1215 வரை ஏழு தலைமுறை உறவுக்குள்ளும், அதன் பின்னர் நான்கு தலைமுறை உறவுக்குள்ளும் மணம் விலக்கப்பட்டிருந்தது. உறவு நெருக்கத்தைக் காரணம் காட்டி வேண்டாத திருமணத்தை முறித்துக்கொண்ட மன்னரும் அங்கே உண்டு. நம் நாட்டிலோ முறை என்பது தடையன்று, அதுவே உரிமை. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுக்குப் பெண் போயிற்று. இரண்டாம் இராசேந்திரனுக்குக் குலோத்துங்கன் மருமகன். அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளிலும் மருமகன். உடன்பிறந்தாள் மகன், மகளை மணந்தவனும் அவனே. இத்தகையவன் 1070-இல் கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையில் அமர்ந்தபோது அவனை வெளியாள் என்று யார் சொல்வது?

சொன்னவர் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் செயங்கொண்டார் அந்தக் காட்சியைப் பாடியிருக்க மாட்டார்.

பரணி சொன்ன விடை

கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற வெற்றியைப் பாட எழுந்தது பரணி. அப்போர் 1110-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அதாவது குலோத்துங்கன் முடிசூடி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் தோன்றிய நூல் அது. அதில் 'அவதாரம்' என்னும் பகுதி குலோத்துங்கனின் பிறப்பைக் கூறுகிறது. பிள்ளை பிறக்கிறான், வானத்தில் துந்துபி முழங்குகிறது, பூமழை பொழிகிறது. அப்போது கங்கைகொண்ட சோழனின் தேவி, அதாவது பிள்ளையின் தாயைப் பெற்ற பாட்டி, குழந்தையைத் தன் கைகளில் எடுக்கிறாள். அவன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குகிறாள். மன்னர்க்கு மன்னனாகும் அடையாளங்கள் தெரிகின்றன. இவன் நமக்கு மகனாகிக் கதிரவன் குலத்தை விளங்கச் செய்யத் தக்கவன் என்று தேர்ந்து மகிழ்கிறாள். இவன் திங்கள் குலத்துக் குழவி என்று சாளுக்கியர் பக்கத்தாரும், பரிதி குலத்துக் குழவி என்று சோழர் பக்கத்தாரும் தனித்தனியே உவக்கிறார்கள்.

இப்பாடல்களைக் கொண்டு குலோத்துங்கன் குழந்தைப் பருவத்திலேயே சோழர் குடிக்குச் சுவீகாரம் எடுக்கப்பட்டான் என்று கருதிய அறிஞர் உண்டு. அதனை மறுத்தவரும் உண்டு. இதனைச் சுவீகாரப் பத்திரமாகப் படிப்பது பொருந்தாது என்பதே எம் கருத்து. இது சான்று காட்டும் ஆவணமன்று, வழக்காடும் கவிதை. வழக்கு என்னவெனில், தந்தை வழியில் வாராத ஒருவன் முடிக்கு உரியவனாவது எப்படி என்பது. முடிசூடி நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னும் இவ்வழக்கை வாதாட வேண்டும் என்று புலவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வாதாட யாரை நிறுத்துகிறார் பாருங்கள்! தீர்ப்பைச் சொல்லத் தாத்தா இராசேந்திரனை அழைக்கவில்லை. அமைச்சரையோ புரோகிதரையோ அழைக்கவில்லை. பாட்டியை அழைக்கிறார். உரிமை பெண்வழியே வந்ததாதலின் அதனை உரைக்கும் வாயும் பெண் வாயாக இருக்க வேண்டும் என்று கண்டார் போலும். அப்பாட்டியும் யார்? வேறொரு வீட்டில் பிறந்து மணத்தால் சோழர் குடிக்கு வந்தவள். அவள் 'நமக்கு' என்கிறாள். வெளியிலிருந்து வந்த ஒருத்தி, இன்னார் இவ்வீட்டுப் பிள்ளை என்று முடிவு கூறுகிறாள். குலம் என்பது குருதியால் மட்டும் அமைவதன்று, ஏற்றுக்கொள்ளும் கையாலும் அமைவது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா? பரணியைப் போர்ப்பாட்டு என்றும் பேய்ப்பாட்டு என்றும் படித்துப் பழகிய நாம், அதன் நடுவே இருக்கும் இந்த வீட்டுக் காட்சியின் நுட்பத்தை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

சொல்லாமல் விட்டது

இனிக் குறையையும் சொல்ல வேண்டும். பிறப்பைப் பாடும் அப்பாடல்களில் பிள்ளையைப் பெற்றவளின் பெயர் இல்லை. திங்கள் குலத்தவன் தேவி என்று கணவனைக் கொண்டும், கதிரவன் குலத்து மன்னனைக் கொண்டும் அவள் குறிக்கப்படுகிறாள். அம்மங்கை என்ற பெயரை நாம் செப்பேட்டில்தான் படிக்கிறோம்.

அரச மகளிரின் பெயரைப் பாட்டில் வைப்பது மரபன்று என்று சிலர் சமாதானம் கூறலாம். அது நிற்காது. அதே பரணி குலோத்துங்கனின் தேவியாகிய தியாகவல்லியைப் பெயர் சொல்லிப் பாடுகிறது. மன்னன் ஆணையுடன் தன் ஆணையையும் நடத்தும் உரிமை உடையவள் என்று சிறப்பிக்கிறது. பெண்ணுக்கு உரிமை என்ற சொல்லை வழங்கத் தயங்காத புலவர், மன்னனுக்கு உரிமையை வழங்கிய தாயின் பெயரை ஏன் விட்டார்?

எமக்குத் தோன்றுவது இது. அம்மங்கை மணமாகி வேங்கிக்குப் போனவள். அவள் பெயரை முன்னே நிறுத்தினால் அவள் போன வீடும் கூடவே வந்து நிற்கும். பாட்டியோ சோழர் அரண்மனையில் இருப்பவள். ஆகவே தாயைச் சற்றே மறைத்துப் பாட்டியை முன்னே கொணர்ந்தார். புலவரின் திறமையை மெச்சலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை ஒரு பெண்ணின் பெயர் என்பதை மறத்தலாகாது. இதுபோலவே, அபயன் வடக்கே சென்றிருந்தபோது தெற்கே மன்னன் விண்ணுலகு சேர்ந்தான், நாட்டில் வேள்வியும் நீதியும் குன்றின என்று சொல்லும் பரணி, அம்மன்னன் மாண்ட விதத்தை விளக்குவதில்லை.

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி ஒன்று இதனினும் வியப்பான செய்தியைத் தருகிறது. தென்திசைத் திருமகள் பலர்க்கும் பொதுவாய் நின்ற நிலை நீங்கவும், காவிரியை ஆடையாக உடுத்த நிலமகளின் தனிமை தீரவும் அவன் உரிமையால் முடிசூடினான் என்பது அதன் கருத்து. நாடு மணப்பெண்ணாகிறது, முடிசூட்டு விழா திருமணமாகிறது. அந்த நாட்டை அவனுக்குத் தேடித் தந்த உண்மையான திருமணங்களோ மூன்று! உவமையில் வந்த பெண்ணுக்குக் கிடைத்த இடம் உயிரோடு வாழ்ந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துப் புலவன்

ஒரு வழக்கில் எதிர்ப்பக்கத்தையும் கேட்பது முறை. 1070-இல் நடந்ததை மறுபுறம் நின்று பாடியவன் காசுமீரப் புலவன் பில்கணன். அவன் நூல் விக்கிரமாங்கதேவ சரிதம். தலைவன் கல்யாணிச் சாளுக்கியனாகிய ஆறாம் விக்கிரமாதித்தன். வீரராசேந்திர சோழன் துங்கபத்திரைக் கரையில் தன் மகளை விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்தான். சோழன் இறந்தபின் மருமகன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் விரைந்து வந்து கலகத்தை அடக்கி, மைத்துனனை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பினான். சில நாளில் மைத்துனன் மீண்டும் எழுந்த கலகத்தில் மாண்டான் என்றும், வேங்கி அரசன் 'இராசிகன்' நாட்டைக் கைப்பற்றினான் என்றும் செய்தி வந்தது. இராசிகன் என்று பில்கணன் கூறுவது நம் குலோத்துங்கனைத்தான். பரணியில் அவதார புருடன். பில்கணனிடம் பிறர் நாட்டைப் பற்றியவன்.

இரு நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 1070-இல் எழுந்த போட்டி இரண்டு சோழர் மகள்களின் பெயரால் எழுந்த போட்டி. ஒருபுறம் இராசேந்திரன் மகளின் மகன். மறுபுறம் வீரராசேந்திரன் மகளின் கணவனும் அவன் தாங்கிப் பிடித்த மைத்துனனும். இரு புலவரும் தத்தம் தலைவனின் நியாயத்தை ஒரு சோழர் மகளின் மீதே நிறுவுகிறார்கள். இருவருமே அவள் பெயரைச் சொல்லவில்லை! பில்கணனுக்குப் பெண்களைப் பாடத் தெரியாது என்பதன்று. சிலாகார இளவரசி சந்திரலேகையின் சுயம்வரத்தையும் அழகையும் பக்கம் பக்கமாகப் பாடுகிறான். காதல் என்றால் பெயர் உண்டு. உடன்படிக்கை என்றால் 'மகள்' என்ற சொல்லோடு சரி.

நம் காலத்து நாவல்கள்

இக்குறை பழம் புலவரோடு போயிற்றா? 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தமிழுலகுக்குச் சோழர் மீது ஆசையை ஊட்டிய நூல். 2022, 2023 ஆண்டுகளில் அது இரண்டு பாகத் திரைப்படமாகவும் வந்தது. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் அதில் மலரும் காதலை அறியாதார் இலர். தஞ்சைக் கல்வெட்டு தருவதோ, குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்ற ஒரே செய்தியைத்தான். நாவலாசிரியர் கற்பனை செய்வது அவர் உரிமை. அதைக் குறை கூறோம். நாம் வேண்டுவது, அதே கல்வெட்டுச் சொல்லும் மற்றொன்றையும் வாசகர் மறவாதிருத்தலே. இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். தனக்கு அடுத்த இடம் அக்கனுக்கு! தன் பொருளைத் தன் பெயரால் வழங்கும் நிலை பெற்றிருந்தவர் குந்தவையார். காதலியாக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம் கொடையாளராக நினைக்கிறோமா?

நமக்கு இன்னும் அண்மையான சான்று சாண்டில்யனின் 'கடல் புறா'. கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியைக் கருணாகரன் காதலிக்கும் கதை அது. ஜுரு வாசகர்க்கு இதில் தனிச் சுவை உண்டு. பினாங்குக் கரையின் இப்பகுதி 1800 வரை கெடாவைச் சேர்ந்ததன்றோ! கடாரத்தோடு சோழர்க்கு இருந்த உண்மையான உறவு 1025-இல் இராசேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பு. பின்னர் 1090-இல், கடாரத்தரசன் தூதர் வேண்டியதற்கிணங்க நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் ஊர்களுக்குக் குலோத்துங்கன் அளித்த வரிவிலக்கு. போரும் தூதும் அறிந்த இவ்வுறவில் கதாசிரியர் ஒரு காதலை வைத்தார். படிக்க இனிக்கிறது. எனினும் கற்பனை இளவரசியின் பெயர் நம் நாவில் நிற்க, கடாரம் கொண்டவன் பெற்ற மகள் அம்மங்கையின் பெயர் நிற்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

மலாய் மக்களின் பழங்கதை இவ்வகையில் நம்மை வென்றுவிடுகிறது. 'செஜாரா மெலாயு' கூறும் இராசா சூலான் சோழரின் நினைவாகத் தோன்றியவன் என்பர். அவன் கடலுக்கடியில் இறங்கிக் கடலரசன் மகளை மணக்கிறான். அவர்கள் வழிவந்தோர் பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில் தோன்றி மலாய் அரச மரபைத் தொடங்குகின்றனர். கதைதான். ஆயினும் அக்கதை தாய்க்கு மஹ்தாபுல் பஹ்ரி என்று பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறது.

பெயரன்

அம்மங்கையின் பெயரைக் காத்துத் தந்தவை செப்பேடுகள். குலோத்துங்கனின் மகன் வீரசோடன் வேங்கியில் ஆண்டபோது அளித்த செல்லூர்ச் செப்பேடு, குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி என்ற மூவரையும் வரிசையாகப் பெயரிட்டு, இன்னார் மகள் என்றும் குறிக்கிறது. வேங்கியில் சோழர் மகள் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. பெருமையோடு பொறிக்க வேண்டிய செய்தி.

அச்செப்பேட்டு வரிசையிலேயே நண்பரின் வினாவுக்கு விடையும் இருக்கிறது. குந்தவையின் மகனுக்கு வைத்த பெயர் இராசராசன். அது அவன் தாயைப் பெற்ற பாட்டன் பெயர். அம்மங்கையின் மகனுக்கு வைத்த பெயர் இராசேந்திரன். அதுவும் தாயைப் பெற்ற பாட்டன் பெயர். குலோத்துங்கன் என்பது அவன் அரியணை ஏறிச் சில ஆண்டுகள் சென்றபின் வழங்கிய பெயரே. பாட்டன் பெயரைத் தாங்குபவனைத் தமிழர் பெயரன் என்றார்கள். நாம் பேரன் என்கிறோம். தம் பெயர் பாட்டில் இடம்பெறாத தாய்மார் தம் தந்தையின் பெயரைப் பிள்ளைமேல் எழுதிவிட்டார்கள்.

கடல் கடந்தும் இதற்கு ஓர் இணை உண்டு. சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜரின் மகள் கான்ஸ்டன்ஸ் 1186-இல் செருமானிய அரசகுமாரன் ஹென்றியை மணந்தாள். ஆண்வாரிசு அற்றபோது தந்தையின் நாட்டுக்கு உரிமை கோரியவள் அவளே. 1194-இல் பிறந்த பிள்ளைக்குப் பிரடெரிக் ரோஜர் என்று பெயரிட்டார்கள். தந்தை வழிப் பாட்டன் பெயர் ஒன்று, தாய் வழிப் பாட்டன் பெயர் ஒன்று. கணவன் 1197-இல் மாண்டபின் அவள் தன் பெயராலேயே சிசிலியை ஆண்டு, அடுத்த ஆண்டு மகனுக்கு அங்கே முடிசூட்டினாள். சோழநாட்டில் மகள் அரியணை ஏறவில்லை. மகளின் மகன்தான் ஏறினான். அந்த வேறுபாடு சிறிதன்று. ஆனால் தாய்வழி உரிமையைப் பிள்ளையின் பெயரில் பொதிந்து வைத்தது இரு நாட்டுக்கும் பொதுவாயிற்று.

ஆகவே நண்பருக்கு நாம் சொல்லும் விடை இது: அடையாள அட்டைக் கணக்கில் குலோத்துங்கன் சாளுக்கியனே. பாட்டியின் கணக்கில் அவன் சோழன். அவன் ஐம்பது ஆண்டளவு ஆண்டது பாட்டியின் கணக்குப்படிதான். இனிப் பரணியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவதாரப் பகுதிக்கு வரும்போது, பாட்டி கையில் ஏந்திய அப்பிள்ளையைப் பெற்றவள் அம்மங்கை என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுவார்களாக. செயங்கொண்டார் விட்ட இடத்தை நிரப்ப அது போதும்.